கஸீபோவை கன்டெய்னர் இமேஜாகக் கட்டும்போது எது உள்ளே, எது வெளியே?

டீச்சர், வணக்கம். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உங்கள் பாலிடெக்னிக் மாணவர்கள் தென்னந்தோப்பில் விழுந்து கிடக்கும் தேங்காயைப் பொறுக்கும் வண்டி ஒன்றை கஸீபோ சிமுலேட்டரில் (ரோபோவைக் கணினிக்குள்ளேயே இயக்கிப் பார்க்கும் மென்பொருள்) ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒரு மாணவரின் லேப்டாப்பில் ஓடிய டாக்கர் கன்டெய்னரை (மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டி ஓட்டும் பெட்டி) அப்படியே 'கமிட்' செய்து எடுத்த இமேஜ் (அந்தப் பெட்டியின் அச்சு) 11 ஜிபி. அது லேப் கணினிகளில் கறுப்புத் திரை காட்டுகிறது, ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியில் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று நின்றுவிடுகிறது. பொள்ளாச்சியிலிருந்து வரும் பிள்ளைகளும் பாலக்காட்டுப் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே இழுத்துக்கொள்ள, இதை டாக்கர் ஹப்பில் (இமேஜ்களைப் பகிரும் இணையதளம்) 'அதிகாரப்பூர்வ இமேஜ்' ஆக வைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

அந்தப் பெயர் உங்கள் இமேஜுக்குக் கிடைக்காது. ஆனால் அந்தப் பெயரைக் கொடுப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் விதிகளை உங்கள் இமேஜில் கடைப்பிடித்தால் நீங்கள் சொன்ன தொல்லைகள் எல்லாமே தீரும். அந்த விதிகள் ஒவ்வொன்றும் யாரோ பட்ட அடியிலிருந்து வந்தவை.

டாக்கர் ஹப்பில் முன்னொட்டு எதுவும் இல்லாமல் 'உபுண்டு' (லினக்ஸ் இயங்குதளம்), 'ராஸ்' (ரோபோ மென்பொருள் தொகுப்பு) என்று ஒற்றைப் பெயரில் நிற்பவைதாம் அதிகாரப்பூர்வ இமேஜ்கள். இவற்றை யாரும் தம் கணினியில் கட்டி மேலே ஏற்றுவதில்லை. கிட்ஹப்பில் 'அஃபிஷியல் இமேஜஸ்' என்ற பொதுக் களஞ்சியத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சிறிய உரைக்கோப்பு இருக்கும். பராமரிப்பவர் யார், டாக்கர்ஃபைல் (இமேஜைக் கட்டும் படிகளை எழுதிய கோப்பு) எந்தக் களஞ்சியத்தில், எந்த கிட் கமிட்டில் (பதிவான திருத்த நிலையில்), எந்த அடைவில் இருக்கிறது, என்னென்ன டேக் (பதிப்பைக் காட்டும் பெயர்ச்சீட்டு), எந்தெந்தக் கணினி வகை என்பதுதான் அதில் உள்ளது. அந்தக் கோப்பில் மாற்றம் கேட்டு நீங்கள் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால், ஆட்கள் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பார்கள். ஒப்புக்கொண்ட பிறகு அவர்களுடைய இயந்திரங்கள்தாம் கட்டும். அடிப்படை உபுண்டு இமேஜ் புதுப்பிக்கப்படும்போது மேலே நிற்பவையும் தாமாக மறுபடி கட்டப்படும். ஆகவே உரையிலிருந்து யாரும் எப்போதும் திரும்பக் கட்ட முடிய வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. கமிட் செய்து எடுத்த இமேஜ் அங்கேயே தோற்றுவிடுகிறது.

உங்கள் வேலைக்குப் பொருத்தமான அதிகாரப்பூர்வ அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 'கஸீபோ' என்ற ஒற்றைப் பெயரில் இருப்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது பழைய கிளாசிக் வரிசைக்கானது. அந்த வரிசையின் கடைசிப் பதிப்பு 11, அதன் ஆதரவும் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. புதிய வரிசை சில ஆண்டுகள் 'இக்னிஷன்' என்ற பெயரில் இருந்து 2022-இல் மறுபடி கஸீபோ ஆனது. பழைய பாடங்களில் கட்டளை 'இக்ன்' என்றும் புதியவற்றில் 'ஜிஇசட்' என்றும் இருப்பது இதனால்தான். நீங்கள் எடுக்க வேண்டியது 'ராஸ்' இமேஜின் ஜாஸி டேக் (ஜாஸி, ஹம்பிள் என்பவை ராஸ் பதிப்புகளின் பெயர்கள்). ஜாஸி 2024 மே மாதம் வந்தது, உபுண்டு 24.04 மேல் நிற்கிறது, 2029 மே வரை ஆதரவு உண்டு. இதற்கு இணையான கஸீபோ பதிப்பு ஹார்மோனிக். ஹம்பிளில் இருப்பவர்களுக்கு இணை ஃபோர்ட்ரெஸ். இந்த ஜோடியை மாற்றிக் கலந்தால் ராஸையும் கஸீபோவையும் இணைக்கும் பாலப் பொதிகளை நீங்களே மூலத்திலிருந்து கட்ட வேண்டிவரலாம். மாணவர் புராஜெக்டுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

ஜாஸியில் ஒரு பெரிய வசதி: கஸீபோவின் நூலகங்கள் ராஸின் சொந்தப் பொதிக் களஞ்சியத்திலேயே 'வெண்டார்' பொதிகளாக வருகின்றன. 'ராஸ்-ஜிஇசட்' பொதியை ஆப்ட் (உபுண்டுவின் பொதி நிறுவி) வழியாக நிறுவினால் சிமுலேட்டரும் பாலமும் சேர்ந்து வந்துவிடும். இன்னொரு களஞ்சியமும் இன்னொரு கையொப்பச் சாவியும் தேவையில்லை.

சாவி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில் பால் டேங்கரை நிறுத்தி மாதிரி எடுத்துப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். வண்டி தெரிந்த வண்டி, ஓட்டுநர் தெரிந்தவர் என்று யாரும் விட்டுவிடுவதில்லை. அதிகாரப்பூர்வ இமேஜ் விதியும் அப்படித்தான். இணையத்திலிருந்து எதை இறக்கினாலும் கையொப்பமோ ஷா256 கூட்டோ (கோப்பின் சரிபார்ப்பு எண்) சரிபார்க்க வேண்டும், ஜிபிஜி சாவியை முழுக் கைரேகையால்தான் குறிக்க வேண்டும், கடைசி எட்டு எழுத்து போதாது. இந்தச் சாவிகளுக்குக் காலாவதியும் உண்டு. ராஸ் களஞ்சியத்தின் பழைய சாவி 2025 ஜூன் தொடக்கத்தில் காலாவதியானது. அதற்கு முன் இழுத்து வைத்த இமேஜில் ஆப்ட் அப்டேட் ஓட்டினால் கையொப்பப் பிழை வரும். அப்போது சரிபார்ப்பை அணைக்கும் விருப்பத்தைத் தேடிப் போகாதீர்கள். அடிப்படை இமேஜைப் புதிதாக இழுத்துவிட்டுக் கட்டினால் புதிய சாவி அதிலேயே இருக்கும்.

இப்போது டாக்கர்ஃபைல். உங்கள் 11 ஜிபி எங்கிருந்து வந்தது என்பதற்கு அடுக்குகளைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு 'ரன்' வரியும் ஓர் அடுக்கு. கீழ் அடுக்கில் எழுதியதை மேல் அடுக்கில் அழித்தால் கண்ணுக்கு மறையும், எடை குறையாது. அதனால் ஆப்ட் அப்டேட், நிறுவல், பட்டியல் கோப்புகளை அழிப்பது மூன்றும் ஒரே 'ரன்' வரிக்குள் இருக்க வேண்டும். அப்டேட்டைத் தனி வரியில் வைத்தால் வேறொரு கேடும் உண்டு. அந்த வரி மாறாததால் டாக்கர் பழைய கேஷையே எடுத்துக்கொள்ளும். பட்டியல் மூன்று மாதம் பழையதாக இருக்கும், நிறுவும்போது '404' வரும். பரிந்துரைப் பொதிகள் வேண்டாம் என்ற விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேர மண்டலம் கேட்டு நிறுவல் அப்படியே தொங்காமலிருக்க, கேள்வி கேட்காத நிறுவல் முறையை 'ஆர்க்' ஆகக் கொடுங்கள். 'என்வ்' ஆகக் கொடுத்தால் அது ஓடும் கன்டெய்னரிலும் ஒட்டிக்கொள்ளும்.

கட்டும் கட்டமும் ஓடும் கட்டமும் தனித்தனியாக இருக்கட்டும். முதல் கட்டத்தில் உங்கள் பொதிகளின் 'பேக்கேஜ் எக்ஸ்எம்எல்' கோப்புகளை மட்டும் முதலில் நகலெடுத்து ராஸ்டெப் (சார்புப் பொதிகளைத் தேடி நிறுவும் கருவி) ஓட்டுங்கள். மூலக்கோப்புகள் அதன் பிறகு வரட்டும். பிள்ளைகள் ஒரு பைத்தான் வரியை மாற்றும்போது சார்புப் பொதிகள் எல்லாம் மறுபடி இறங்காமல் இருப்பது இந்த வரிசையால்தான். பிறகு கோல்கானால் (ராஸின் கட்டும் கருவி) கட்டி, 'இன்ஸ்டால்' அடைவை மட்டும் இரண்டாம் கட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கம்பைலரும் தலைப்புக் கோப்புகளும் அங்கேயே நின்றுவிடும். ஓடுவதற்கு வேண்டிய சார்புகளை இரண்டாம் கட்டத்தில் தனியாக நிறுவ வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். இன்னொன்று: கோல்கானில் 'சிம்லிங்க் இன்ஸ்டால்' விருப்பத்தை இங்கே பயன்படுத்தக் கூடாது. அது மூலக்கோப்புக்குச் சுட்டி மட்டுமே வைக்கும். மூலம் இரண்டாம் கட்டத்தில் இல்லை என்பதால் லாஞ்ச் கோப்புகளும் உலகக் கோப்புகளும் (சிமுலேட்டர் காட்சியை விவரிப்பவை) காணாமல் போகும். கட்டும்போது ஒரு பிழையும் வராது, ஓட்டும்போதுதான் தெரியும்.

உபுண்டு 24.04-இல் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. பைத்தானின் பிப் நிறுவி கொண்டு நேராக நிறுவப் போனால், பைத்தான் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று மறுத்துவிடும். அதை வலுக்கட்டாயமாக மீறி நம்பை என்ற பைத்தான் கணித நூலகத்தின் 2-ஆம் பதிப்பை ஏற்றினால், 1-ஆம் வரிசைக்குக் கட்டப்பட்ட சிவி-பிரிட்ஜ் போன்ற ராஸ் பொதிகள் உடையும். முடிந்தவரை ஆப்டில் இருக்கும் பைத்தான்3 பொதிகளையே எடுங்கள். அடுத்தது பயனர் எண். உபுண்டு 24.04 இமேஜில் 'உபுண்டு' என்ற பயனர் 1000 என்ற எண்ணுடன் ஏற்கெனவே இருக்கிறார். 22.04 காலத்து டாக்கர்ஃபைலிலிருந்து பயனர் உருவாக்கும் வரியை ஒட்டினால் 'எண் தனித்துவமானதல்ல' என்று நிற்கும். அந்தப் பயனரையே பயன்படுத்துங்கள், அல்லது முதலில் நீக்கிவிட்டு உங்களுடையதை உருவாக்குங்கள்.

என்ட்ரிபாயிண்ட் கோப்பு (கன்டெய்னர் தொடங்கும்போது முதலில் ஓடுவது) நாலே வரிதான், ஆனால் எல்லாரும் சறுக்கும் இடம். பிழை வந்தால் நிற்கச் சொல்லும் வரி, ராஸ் செட்டப் கோப்பை 'சோர்ஸ்' செய்வது, உங்கள் செட்டப் கோப்பை 'சோர்ஸ்' செய்வது, கடைசியில் 'எக்ஸெக்' போட்டு வந்த கட்டளையை ஓட்டுவது. அந்த 'எக்ஸெக்' விடுபட்டால் பேஷ்தான் முதல் புரோசஸாக நிற்கும். டாக்கர் ஸ்டாப் அனுப்பும் சிக்னல் சிமுலேட்டருக்குப் போய்ச் சேராது, 10 விநாடி காத்திருந்து டாக்கர் வலுவாகக் கொன்றுவிடும். அந்த நேரத்தில் ராஸ் பேக் என்ற தரவுப் பதிவு ஓடிக்கொண்டிருந்தால் அதன் மெட்டாடேட்டா கோப்பு எழுதப்படாமலே போகும். பிறகு 'ரீஇண்டெக்ஸ்' செய்துதான் மீட்க வேண்டும். இதோடு இன்னொரு குழப்பமும் உண்டு. ஓடும் கன்டெய்னருக்குள் 'டாக்கர் எக்ஸெக்' கொண்டு நுழைந்தால் என்ட்ரிபாயிண்ட் ஓடாது, 'ராஸ்2 கட்டளை இல்லை' என்று வரும். இமேஜ் பழுதாகிவிட்டது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். உள்ளே நுழைந்ததும் அந்த செட்டப் கோப்புகளைக் கைப்பட 'சோர்ஸ்' செய்தாலே போதும்.

பதிப்பு எண்ணைப் பூட்டுவதில் ராஸுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் முதன்மைக் களஞ்சியம் ஒவ்வொரு பொதிக்கும் கடைசிப் பதிப்பை மட்டுமே வைத்திருக்கும். முழு எண்ணையும் கட்டிய நாளையும் எழுதிப் பூட்டினால் அடுத்த வெளியீட்டிலேயே 'அந்தப் பதிப்பு இல்லை' என்று கட்டுதல் முறியும். அதிகாரப்பூர்வ ராஸ் டாக்கர்ஃபைல்கள் எண்ணை எழுதி, கட்டிய நாள் வரும் இடத்தில் நட்சத்திரக் குறி போடுவது இதற்காகத்தான். ஒரு செமஸ்டர் முழுவதும் ஒரே பொதிகள் வேண்டுமென்றால், தேதி வாரியாகச் சேமித்து வைத்திருக்கும் ராஸ் ஸ்னாப்ஷாட் களஞ்சியத்தைச் சுட்டுங்கள். அதற்குக் கையொப்பச் சாவி வேறு. இல்லையென்றால் ஒருமுறை கட்டி, சோதித்து, அந்த இமேஜின் டைஜெஸ்டையே (அதன் உள்ளடக்கத்திலிருந்து வரும் அடையாள எண்) எல்லாரும் இழுக்கட்டும். டேக் இன்று ஒன்றையும் நாளை வேறொன்றையும் சுட்டலாம், டைஜெஸ்ட் மாறாது. 'லேட்டஸ்ட்' என்ற டேக்கை மட்டும் பாடக் குறிப்பில் எழுதாதீர்கள்.

கறுப்புத் திரைக்கு வருகிறேன். கஸீபோவின் ஆகர்2 வரைகலை இயந்திரத்துக்கு ஓபன்ஜிஎல் வரைகலைத் தரம் 3.3 குறைந்தபட்சம் வேண்டும். அந்த மாணவரின் லேப்டாப்பில் என்விடியா அட்டை இருந்து, அதன் டிரைவரை கன்டெய்னருக்குள்ளேயே நிறுவி கமிட் செய்திருந்தால், இன்டெல் வரைகலை உள்ள லேப் கணினியில் அது ஓட வழியில்லை. டிரைவர் அந்தந்தக் கணினியின் கெர்னலோடு ஒட்டிய பொருள். அது இமேஜுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். என்விடியா உள்ள கணினியில் அவர்களுடைய கன்டெய்னர் டூல்கிட்டை நிறுவி, ஓட்டும்போது ஜிபியு விருப்பத்தைக் கொடுங்கள். அதோடு டிரைவர் திறன் மாறியில் 'கிராஃபிக்ஸ்' என்பதையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கணக்கீட்டுப் பகுதி மட்டும் உள்ளே வரும். அட்டையின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை அழகாக ஓடும், படம் மட்டும் வராது. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் 'டெவ்' அடைவின் கீழிருக்கும் 'டிஆர்ஐ' சாதனத்தை உள்ளே கொடுத்தால் போதும். ஆனால் ரூட் அல்லாத பயனராக ஓட்டினால் 'ரெண்டர்' குழுவின் எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த எண் கணினிக்குக் கணினி மாறும் என்பதால் டாக்கர்ஃபைலில் எழுதாமல், ஓட்டும் ஸ்கிரிப்டில் கேட்டு எடுங்கள்.

திரைக்கு டிஸ்ப்ளே மாறியையும் எக்ஸ்11 சாக்கெட் அடைவையும் கொடுத்து, 'எக்ஸ்ஹோஸ்ட்'டில் உள்ளூருக்கு மட்டும் அனுமதி தாருங்கள். வெறும் கூட்டல் குறி போட்டு எல்லாருக்கும் திறப்பது கல்லூரி நெட்வொர்க்கில் சரியல்ல. ஜன்னல் வந்து உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தால் ஜன்னலை வரையும் க்யூடி நூலகத்தின் பகிர்நினைவுப் பயன்பாட்டை அணைக்கும் மாறியைக் கொடுத்துப் பாருங்கள், அல்லது ஐபிசி-யை (புரோசஸ்கள் பேசிக்கொள்ளும் வழி) ஹோஸ்டோடு (கன்டெய்னரை ஓட்டும் கணினி) பகிருங்கள். ஜிபியு-வே இல்லாத கணினியில் மெசா வரைகலை நூலகத்தின் மென்பொருள் வரைவைக் கட்டாயப்படுத்தலாம். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். எதையும் ஊகிக்கும் முன் கன்டெய்னருக்குள் 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' ஓட்டி ரெண்டரர் என்ன என்று பார்த்துவிடுங்கள். 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தால் ஜிபியு உள்ளே வரவில்லை என்று பொருள்.

பெரும்பாலான பயிற்சிகளுக்குத் திரையே தேவையில்லை. சர்வரை மட்டும் ஓட்டும் விருப்பத்தோடு, தொடங்கியதும் ஓடச் சொல்லும் 'ஆர்' விருப்பத்தையும் கொடுங்கள். அதைக் கொடுக்காவிட்டால் உலகம் நின்ற நிலையில்தான் திறக்கும். வண்டி அசையவில்லை என்று மணிக்கணக்கில் கன்ட்ரோலரைத் தோண்டுவார்கள். வண்டியில் கேமரா இருந்தால் திரையில்லா வரைவு விருப்பமும் வேண்டும். அது இஜிஎல் வழியாக, ஆகர்2-இல் மட்டுமே நடக்கும்.

நெட்வொர்க்கில் ஏமாற்றும் பிழைகள் அதிகம். டாபிக் (செய்தித் தடம்) பட்டியலில் எல்லாம் தெரியும், எக்கோ போட்டால் மௌனம். ஹோஸ்ட் நெட்வொர்க்கில் இரண்டு கன்டெய்னர்கள் ஓடும்போது ஃபாஸ்ட் டிடிஎஸ் (ராஸின் செய்திகளைக் கடத்தும் மென்பொருள்) இருவரும் ஒரே கணினி என்று கண்டு பகிர்நினைவு வழியாகத் தரவு அனுப்பப் பார்க்கும். கன்டெய்னர்களுக்கோ தனித்தனிப் பகிர்நினைவு, அதுவும் இயல்பில் 64 எம்பி. ஐபிசி-யை ஹோஸ்டோடு பகிர்ந்து, இரு பக்கமும் ஒரே பயனர் எண்ணில் ஓட்டினால் தீரும். கஸீபோவின் சொந்தத் தொடர்பில் வேறு மாதிரி. அதன் 'பார்ட்டிஷன்' பெயர் இயல்பில் ஹோஸ்ட்பெயரும் பயனர்பெயரும் சேர்ந்தது. கன்டெய்னருக்குள் ரூட், வெளியே மாணவர் என்றால் இருவரும் வேறு வேறு பார்ட்டிஷன், ஒருவர் டாபிக் மற்றவருக்குத் தெரியாது. ஜிஇசட் பார்ட்டிஷன் மாறியை இரு பக்கமும் ஒரே பெயரில் வையுங்கள். லேபில் ராஸ் டொமைன் எண்ணையும் ஒவ்வொரு மேசைக்கும் தனியாகக் கொடுங்கள், 0 முதல் 101 வரை லினக்ஸில் பயமின்றிப் பயன்படுத்தலாம். எல்லாரும் இயல்பான 0-விலேயே இருந்தால் ஒரு பிள்ளை அனுப்பும் வேகக் கட்டளையில் பக்கத்து மேசை வண்டியும் தென்னை மரத்தில் போய் மோதும்.

மாடல்கள்: நீங்களே உருவாக்கிய வண்டியும் தோப்பும் இமேஜுக்குள் இருக்கட்டும், ரிசோர்ஸ் பாத் மாறி அந்த அடைவைச் சுட்டட்டும். கஸீபோ மாடல்களைப் பகிரும் ஃபியூயல் தளத்திலிருந்து வருபவை ஓடும்போதுதான் இறங்கும், இணையம் மெதுவான நாளில் உலகம் திறக்காமல் காத்துக்கிடக்கும். அந்தக் கேஷ் அடைவை வால்யூமாக வைத்து ஒருமுறை இறக்கினால் போதும். தென்னை மரத்துக்கு ஒரே மெஷ்ஷை (முப்பரிமாண வடிவம்)த் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். மோதல் வடிவத்துக்கு வெறும் உருளை போதும்.

ராஸ்ப்பெரி பையின் பிழைக்குக் காரணம் எளிது. லேப்டாப்பில் எடுத்தது ஏஎம்டி64 இமேஜ், பை ஆர்ம்64, இரண்டும் வேறு வகைச் செயலிகள். டாக்கரின் பில்ட்எக்ஸ் கருவி கொண்டு இரு வகைக்கும் கட்டி ஒரே டேக்கில் ஏற்றலாம். ராஸ் பொதிகள் இரண்டுக்கும் கிடைக்கின்றன. க்யூஇஎம்யு போலிச் சூழலில் சி++ கட்டுவது மிக மெதுவாக நடக்கும், ஆகவே ஆர்ம் கணினி ஒன்றில் நேராகக் கட்டுவது நல்லது. பையில் சிமுலேட்டர் தேவையில்லை, வண்டியின் கட்டுப்பாட்டு நோடுகள் (ராஸில் ஓடும் தனித்தனி நிரல்கள்) மட்டும் போதும். அதை ராஸ்-ஜிஇசட் இல்லாத தனி டேக்காக வெளியிடுங்கள்.

அதிகாரப்பூர்வ ராஸ் நூலகமும் இதே முறையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது: ராஸ்-கோர், அதன் மேல் ராஸ்-பேஸ், அதன் மேல் பெர்செப்ஷன். கனமான டெஸ்க்டாப் இமேஜ்கள் அங்கே இல்லை, ஓஎஸ்ஆர்எஃப் (ராஸ், கஸீபோவை வளர்த்த அமைப்பு) கணக்கின் கீழ் தனியாக வெளியாகின்றன. உங்கள் பிள்ளைகளில் யாராவது அந்த மூல இமேஜ்களிலேயே பங்களிக்க விரும்பினால் அது அருமையான வேலை. அங்கே டாக்கர்ஃபைல்கள் வார்ப்புருவிலிருந்து ஸ்கிரிப்டால் உருவாக்கப்படுபவை. டாக்கர்ஃபைலை நேராகத் திருத்தி அனுப்பினால் அடுத்த உருவாக்கத்தில் அழிந்துவிடும். திருத்தம் வார்ப்புருவில் செய்யுங்கள்.

லேபுக்குக் கொண்டு சேர்ப்பதற்கு: கணக்கில் நுழையாமல் இழுப்பவர்களுக்கு டாக்கர் ஹப் ஐபி முகவரி வாரியாக வரம்பு வைத்திருக்கிறது. கல்லூரி முழுவதும் ஒரே முகவரியில் வெளியே போவதால் முதல் வகுப்பிலேயே அது தீர்ந்துபோகலாம். ஒரு கணினியில் 'ரெஜிஸ்ட்ரி' இமேஜை இடைக் கேஷாக ஓட்டி, மற்ற கணினிகளின் டாக்கர் அமைப்புக் கோப்பில் அதைக் கண்ணாடியாகக் குறிப்பிட்டால், வெளியிலிருந்து ஒருமுறைதான் இறங்கும். வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகளுக்கு 'டாக்கர் சேவ்' செய்து பென்டிரைவில் கொடுங்கள், அவர்கள் 'லோட்' செய்துகொள்ளட்டும். ஏற்றியபின் இமேஜ் ஐடி உங்களுடையதோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய கமிட் இமேஜ் ஏற்கெனவே பொதுவில் ஏறியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அந்த மாணவர் தன் கிட் டோக்கனையும் எஸ்எஸ்ஹெச் சாவியையும் மாற்றட்டும். கட்டளை வரலாறும் சாவிகளும் உள்ளே போயிருக்க வாய்ப்பு உண்டு, இமேஜை இழுத்த எவரும் அவற்றைப் படிக்கலாம். புதிய இமேஜ் கட்டியதும் ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை ஓட்டுங்கள்: திரையில்லாமல், தோப்பு உலகத்தை 1000 படிகள் ஓட்டி நிறுத்தும் விருப்பத்தோடு. இயல்பான ஒரு மில்லிவிநாடிப் படியில் அது சிமுலேட்டருக்குள் ஒரு விநாடி. பிழையில்லாமல் அது முடிந்தால் மட்டும் டேக் போட்டு ஏற்றுங்கள்.